உள்ளே மேடு, வெளியே பள்ளம்

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைக் கடையில் என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் எனக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். நான் ஓய்வு பெற்றதற்கான விருந்தாம். நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஓடிவிட்டன, இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. சரி, சோறு நன்றாக இருந்தது, மன்னித்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திவ்யா என்ற பெண் தன் கைபேசியில் டிரோன் எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். ஒரு முழு எஸ்டேட், ஒரே காலையில் எடுத்தது.

"இப்பல்லாம் யாரும் சேத்துல எறங்குறதில்ல ஆன்டி. மேல பறக்க விட்டா முடிஞ்சிச்சி லா. நீங்கள்லாம் எப்படித்தான் நடந்தீங்களோ."

பாவப்பட்டுச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

"இது மாதிரி ஒரு டிரோன் படத்த வச்சிக்கிட்டுதான் நம்ம ஆபிஸ்ல ஒரு மாட்டுப்பட்டிய ஈயக்குட்டைன்னு எழுதினாங்க. தெரியுமா?" என்றேன்.

தெரியாது என்றாள். மேசையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். என் இலையில் ரசம் காய்ந்துபோனது. "எழுதிக் குடுங்க ஆன்டி, நம்ம குரூப்ல போடலாம்" என்றார்கள். இதோ எழுதுகிறேன். பணிவாக எழுதுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். நான் நில அளவை படிக்கப் போகிறேன் என்றபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வெயில்ல கறுத்துப் போயிருவ." "இப்ப மட்டும் என்னாவா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டுச் சேர்ந்துவிட்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், தேறினேன், வேலைக்கு அலைந்தேன். "பொம்பளைப் பிள்ளையா?" என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் குணரத்தினம் சார்.

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கேயே பிறந்தவர், ஆனாலும் பேச்சில் அந்த ஊர் அப்படியே இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் மாடியில் அலுவலகம். உரிமம் பெற்ற நில அளவையாளர் அவர் ஒருவர்தான். எங்கள் எல்லாருடைய வேலையும் அவருடைய கையெழுத்தின் கீழேதான் வெளியே போகும். வெள்ளைச் சட்டை, கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குவார். வரைபடத்தை ஒருபோதும் உட்கார்ந்து பார்க்க மாட்டார். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து, வெளிச்சம் பின்னால் இருந்து வர, நின்றபடியே பார்ப்பார். கோபம் வந்தால் குரல் இறங்கும். குரல் காதில் விழாத அளவுக்கு இறங்கிவிட்டால் அலுவலகமே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லெவல் எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அளவுகோலைப் பிடிப்பவன் அதை நேராகப் பிடித்திருக்கிறான் என்று நம்பக்கூடாது. மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கச் சொல்ல வேண்டும். அப்படி அசையும்போது கருவியில் தெரியும் எண்களில் எது மிகக் குறைவோ அதுதான் உண்மை. மையால் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக்கூடாது. ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியானதை எழுத வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். தொடங்கிய புள்ளிக்கே சுற்றி வந்து, தொடங்கிய எண்ணே திரும்ப வந்து கணக்கு மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூடாதவரை யாருக்கும் சாப்பாடு கிடையாது, அவருக்கும் கிடையாது. அவர் மனைவி கொடுத்தனுப்பிய அடுக்குச் சட்டி காரிலேயே கிடக்கும். "குளோஸ் ஆச்சுதோ?" என்பதுதான் அவருடைய வணக்கம்.

சேர்ந்த புதிதில் அம்பாங்கில் ஒரு வேலை. பழைய ஈயச் சுரங்க நிலம், அதன் மேல் வீடுகள் வரப்போகின்றன. நான் அடித்த எல்லை ஆப்புகளை வீடு கட்டும் குத்தகைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்திவிட்டார். நான் சண்டை போட்டேன். அவர் நேரே அலுவலகத்துக்கு வந்து, அடுத்த முறை ஆம்பிளையை அனுப்பச் சொன்னார். குணரத்தினம் சார் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பட்டையின் நுனியில் துடைத்தார்.

"ஆம்பிளை அடிச்சால் ஆப்பு தானாய் நடந்து போகாதோ?" என்றார். "நாளைக்கும் இந்தப் பிள்ளைதான் வரும். ஆப்பும் அதே இடத்திலதான் நிக்கும்."

அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மனிதரிடம்தான் கடைசிவரை வேலை செய்வது என்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவரோடு நான் மோதியது எவ்வளவு வலித்தது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

இனி அந்த மாட்டுப்பட்டிக்கு வருகிறேன்.

தெலுக் பங்லிமா காராங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை எஸ்டேட் ஒன்று விற்கப்பட்டு, தொழிற்பேட்டையாக மாறப்போகிறது. எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய வேலை அது. புதிதாக வாங்கிய டிரோனைப் பறக்கவிட்டார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள். நான் தரையில் போய்ச் சரிபார்க்க வேண்டும். என் கையில் கொடுத்த வரைபடத்தின் நடுவே ஒரு வட்டம் இருந்தது. 'பழைய ஈயக்குட்டை' என்று அதற்குப் பெயரும் போட்டிருந்தார்கள்.

வரைந்த பையனைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்கு அடுத்த நாள் எடுத்த படம். மேலிருந்து பார்த்தால் வளையமாகத் தண்ணீர் மின்னுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த எவனும் அதை ஈயக்குட்டை என்றுதான் எழுதுவான். ஈயம் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்று உண்டான குட்டைகளின் ஓரத்தில் வளர்ந்தவர்கள் நாம். நம் பூங்காக்கள் பழைய குட்டை, பேரங்காடிகளுக்கு முன்னால் இருக்கும் ஏரிகள் பழைய குட்டை. நெல் விளையும் கெடாவிலிருந்து வந்தவன் பார்த்திருந்தால் வயல் என்றிருப்பான். நமக்கு வட்டமாகத் தண்ணீர் தெரிந்தால் மனம் உடனே ஈயத்துக்குப் போய்விடுகிறது.

ஆனால் அந்தப் பெயர் வரைபடத்தில் ஏறிவிட்டால் அதன் கதை முடிந்தது. ஈயக்குட்டைக்கு ஒரே வழிதான்: தண்ணீரை இறை, மண்ணைக் கொட்டு, உருளையை ஓட்டு. யாரும் போய் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நான் போனேன். செம்பனை வரிசைகள் கோடு போட்டது போல வந்து, ஓர் இடத்தில் நின்றுவிட்டன. அந்தக் காலத்தில் கன்று நட்டவர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நடுவில் புல் மூடிய மண்கரை, என் நெஞ்சுயரம், வட்டமாக. கரைக்கு வெளியே தண்ணீர் தேங்கிய பள்ளம், அதுவும் வட்டமாகவே கூட வந்தது. கிழக்குப் பக்கம் ஒரே ஒரு வாசல். அதில் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. உள்ளே மாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் அன்னமேரி. அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து, அங்கேயே வேலை செய்தவள். தொழிலாளர்கள் குடியிருந்த எஸ்டேட் லயங்களை இடித்தபோது குடும்பத்துக்கு அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. மாடுகளுக்குக் கிடைக்கவில்லை. பழைய மானேஜர் வாய்வார்த்தையாக, "உள்ள கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் பால் கறப்பாள், புருஷன் மோட்டார் சைக்கிளில் கிள்ளான் வீடுகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவான்.

"குட்டையத் தேடுறீங்களாக்கா?" என்றாள் நான் கையில் விரித்திருந்த தாளைப் பார்த்து. "இங்க குட்டையே இல்லையே."

"பேப்பர்ல இருக்கே."

"பேப்பர்ல இருந்தா? கடல் ஏறுற நேரத்துல மழையும் சேந்துச்சின்னா இந்தப் பக்கம் பூரா முட்டி வரைக்கும் தண்ணி. இது உள்ள மட்டும்தான் ஏறாது. மாடு தண்ணியில நின்னுச்சின்னா குளம்பு அழுகிரும்க்கா. அழுகினா படுத்துரும். படுத்தா அவ்ளோதான், எந்திரிக்காது."

"யார் கட்டினது இத?"

"யாருக்குத் தெரியும்? வெள்ளக்காரன் வரதுக்கு முன்னயே இருந்துச்சாம். இந்தக் கரையில மண்வெட்டி படக்கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு. சாணிய அள்ளலாம், ஒரு புடி மண்ண அள்ளக்கூடாது. ஏன்னு கேட்டா, அவருக்கும் தெரியாது லா."

நான் செக்‌ஷன், அதாவது குறுக்குவெட்டு எடுத்தேன். வட்டத்தின் நடுவழியே ஒரு கோடு, பிறகு அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. பாராங் கத்தியால் புதரை வெட்டி வழி செய்து, சரிவு மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஆப்பு அடித்து, அளவுகோலை நிறுத்தி, கூட வந்த ஆளிடம் முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லி, குறைந்த எண்ணை எழுதினேன். மாடுகள் என் கருவி நிற்கும் முக்காலியை நக்கிப் பார்த்தன. கணக்கு மூடியது. தாளில் போட்டுப் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லை. குட்டை தோண்டுகிறவன் உள்ளே இருந்து மண்ணை எடுத்து வெளியே கொட்டுவான். உள்ளே பள்ளம் இருக்கும். இங்கே வெளியே தோண்டி, மண்ணை உள்பக்கமாகக் கொட்டிக் கரை எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே தரை சுற்றியுள்ள நிலத்தைவிட மேடு. கையால் திருகி மண்ணைத் துளைத்தெடுக்கும் ஆகரை இறக்கினேன். உள்மேட்டில் இறுகிய மண்ணும் கரித்துணுக்குகளும் வந்தன. கீழே போனால் சிப்பி கலந்த கடல் களிமண். அந்த மண்ணில் ஈயம் இருந்ததே கிடையாது. இல்லாத ஈயத்தை எவன் வந்து தோண்டினான்?

அடுத்த நாள் நிலத்தை வாங்கியவர்களின் வடிகால் ஆலோசகர் வந்தார். கெவின் என்ற அயர்லாந்துக்காரர். வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். கரை மேல் ஏறி ஒரு சுற்று நடந்தார். பிறகு கைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். பச்சைப் புல்வெளி நடுவே வட்டமான மண்கரை, அதன் மேல் முள்மரங்கள், உள்ளே மாடுகள். அவர் அப்பாவின் நிலம். அவர்கள் நாட்டில் பண்ணை நிலங்களுக்கு நடுவே இப்படி நிறைய வட்டங்கள் நிற்கின்றனவாம். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்டவை. ஒரு குடும்பம் உள்ளே வீடு கட்டி, ராத்திரியில் மாடுகளையும் உள்ளே அடைத்து, ஓநாயிடமிருந்தும் திருடனிடமிருந்தும் காப்பாற்றியதாம். இன்றைக்கும் அவர் அப்பா அதில் ஏர் ஓட்ட மாட்டார். மண்ணுக்கடியில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும் என்று அந்த ஊரில் பயம். படித்த மனிதர் இதைச் சிரிக்காமல் சொன்னார்.

நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். அன்னமேரி படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தாள்.

"அவங்கப்பாவுக்கு எத்தன மாடு?" என்று கேட்டாள். பிறகு, "நல்லா கொழுத்த மாடு லா" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

நம்முடைய வட்டமும் அப்படிப்பட்டது என்று எழுதித் தருவீர்களா என்று கெவினிடம் கேட்டேன். தான் வடிகால் ஆள், அது தன் வேலை இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. அவர் வீட்டு வட்டத்துக்கு ஆயிரம் வருடம் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நம்முடையதைக் கட்டியது யார், எப்போது, யாருக்குமே தெரியாது. தெரியாது என்பதற்காக இடித்துவிடலாமா? தெரியாத ஒன்றை இடித்தால் அதற்குப் பிறகு தெரிந்துகொள்ளவே முடியாதே. என் வாதம் முழுவதும் அவ்வளவுதான். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ள மாட்டேன்.

குணரத்தினம் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இரும் பிள்ளை" என்றார். அதுவரை அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை.

"செக்‌ஷன் பார்த்தன். நல்ல வேலை."

"நன்றி சார்."

"ஆனால் படத்தில இருக்கிற பேரை அப்பிடியே விடுவம்."

"எந்தப் பேரை?"

"ஈயக்குட்டை எண்டு இருக்கிறதை."

"அது ஈயக்குட்டை இல்ல சார். உங்களுக்கே தெரியும்."

"ஓம், தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். "தெரியாத கரை எண்டு எழுதினால் வேலை நிக்கும். தொல்பொருள் ஆக்கள் வந்து பார்க்கோணும், அறிக்கை எழுதோணும். கிளையன்ட் நேற்று இரண்டு தரம் கூப்பிட்டுட்டார். இந்த ஆபிஸை நம்பி எத்தினை குடும்பம் சாப்பிடுது எண்டு உமக்குத் தெரியும்தானே."

"அங்கயும் ஒரு குடும்பம் சாப்பிடுது சார்."

"அவைக்கு அந்த நிலத்தில உரிமையில்லை."

"நான் உரிமைய வரையல. மண்ணத்தான் வரைஞ்சேன்."

அவர் குரல் இறங்கியது. "அப்ப நான் ரோஸ்லியை அனுப்பித் திரும்ப அளக்கச் சொல்லுறன்."

"அனுப்புங்க. அவரு வேற மாதிரி கொண்டு வந்தா, ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாத்து நீங்களே கையெழுத்து போடுங்க. ஆனா என் பேரு அந்தப் படத்துல இருக்கக்கூடாது."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்தது வெறும் கோபமில்லை. அழுகையும் வந்தது, கழிப்பறையில் போய் அழுதேன். அம்பாங்கில் எனக்காக நின்ற மனிதர், இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்காக என் அளவைச் சந்தேகப்பட்டதுபோல நடிக்கிறார். தெரியாமல் கேட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தெரிந்தே கேட்டார்.

ரோஸ்லி எங்கள் அலுவலகத்தின் இன்னொரு குழுத் தலைவர். நல்ல நண்பர். வீட்டுக் கடன், மூன்று பிள்ளைகள். முதலாளி எதை எதிர்பார்க்கிறார் என்பது அவருக்கும் தெரியும். நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அது அளவை இல்லை, பேரம். அவரும் என்னைக் கூப்பிடவில்லை. அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தார். பூட்ஸ் முழுக்கச் சேறு. எல்லாருக்கும் முன்னால் தாளை மேசையில் வைத்தார்.

"சாமா, போஸ்," என்றார் தன் மொழியில். "லுவார் பாரிட், டாலாம் திங்கி."

அதேதான், வெளியே பள்ளம், உள்ளே மேடு. வேறு எதுவும் சொல்லாமல் தேநீர் கலக்கப் போய்விட்டார். ரோஸ்லி இதைப் படிக்க மாட்டார், அவருக்குத் தமிழ் தெரியாது. படிப்பவர்கள் யாராவது போய்ச் சொல்லுங்கள், அவரை நான் மறக்கவில்லை என்று.

குணரத்தினம் சார் இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்தார். இரண்டு கோடுகளும் ஒரே கோடாகத் தெரிந்தன. கீழே சாலையில் யாராவது ஹாரன் அடித்தால்கூட அலுவலகம் திடுக்கிட்டது. பிறகு வரைபடத்தை எடுத்து, 'பழைய ஈயக்குட்டை' என்பதன் மேல் ஒரே கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே தன் கையால் எழுதினார்: 'வட்ட மண்கரை, வெளியே அகழி, தோற்றம் தெரியவில்லை.' கையெழுத்துப் போட்டார்.

என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டீரோ?" என்று மட்டும் கேட்டார்.

நிலத்தை வாங்கியவர்கள் அடுத்த வேலையை எங்களுக்குத் தரவில்லை. அதற்கடுத்ததையும் தரவில்லை. சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். "ஒரு மண்மேட்டுக்காகவா?" என்று என் காதுபடவே பேசினார்கள். ஆமாம், ஒரு மண்மேட்டுக்காகத்தான். அளவையாளன் மண்ணுக்காக நிற்காமல் வேறு எதற்காக நிற்பான்? குணரத்தினம் சார் கொஞ்ச காலத்தில் அலுவலகத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவர் இறந்தபோது போய் நின்று அழுதேன். ரோஸ்லியை அனுப்பியதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டும் உண்மைதான்.

தொல்பொருள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். வயது சொல்ல முடியாது, என்றைக்காவது முறையாகத் தோண்டினால்தான் தெரியும், அதுவரை தொடக்கூடாது என்றார்கள். தொழிற்பேட்டைக்கு எப்படியும் பசுமைப் பகுதி என்று ஓர் இடம் விட்டாக வேண்டும். இந்த வட்டத்தையே அதில் சேர்த்துவிட்டு, சாலையை வளைத்துப் போட்டார்கள். அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அன்னமேரி தொலைபேசியில் கூப்பிட்டாள். "வேலி போட்டுட்டாங்கக்கா. பூட்டு போட்டுட்டாங்க. மாட்ட வெளிய தொரத்திட்டாங்க."

இருவரும் தொழிற்பேட்டை அலுவலகத்துக்குப் போனோம். கிஷோர் என்ற இளைஞர் பொறுப்பில் இருந்தார். மரியாதையான பையன், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"இது இப்ப ஹெரிடேஜ் ஏரியா ஆன்டி. மாடு உள்ள வந்தா கரைய மிதிச்சிக் கெடுத்துரும்."

"இத்தன நாளும் அதுங்கதான் உள்ள இருந்துச்சி," என்றேன். "கரை கெட்டுப் போச்சா?"

"எனக்குப் புரியுது. ஆனா ரூல் லா, ஆன்டி."

ரூலாம். அந்த மழைக்காலத்தில் அன்னமேரி மாடுகளை டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் ஓர் உறவினரின் தாழ்ந்த நிலத்தில் கட்டி வைத்தாள். தண்ணீர் ஏறியது. நல்ல கறவைப் பசு ஒன்று குளம்பு அழுகிப் படுத்தது, எழவில்லை. அவள் என்னிடம் குறை சொல்லவில்லை. "மண்ணு பொழச்சிருச்சில்ல, அது வரைக்கும் சந்தோஷம்" என்றாள். அது என்னை அறைந்தது போலிருந்தது. அந்தக் கரையில் மண்வெட்டி படாமல் காத்தது அவள் குடும்பம். மேலே புதர் ஏறாமல் மேய்ந்து காத்தது அவள் மாடுகள். காத்தவளைத் துரத்திவிட்டுக் காக்கப்பட்டதற்கு வேலி போடுகிறார்கள். இதற்காகவா நான் நின்றேன்? கிஷோருக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. நானும் நிறுத்தவில்லை.

எங்களுக்குப் பதில் சொன்னது லாலாங் புல். மாடு இல்லாத வட்டத்தில் அது ஆளுயரம் வளர்ந்தது. கொடிகள் ஏறின. விழுந்த செம்பனைப் பழங்கள் கரை மேலேயே முளைத்து வேர்விட்டன. புல் வெட்ட ஒரு குத்தகைக்காரரை வைத்தார்கள். அவருடைய ஆள் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்தைக் கரை மேல் ஏற்றினான். அது சறுக்கி, கரையின் தோளைப் பெரிதாகப் பெயர்த்துக்கொண்டு அகழியில் விழுந்தது. மறுபடி ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிஷோரைப் பிடித்துத் திட்டியிருக்கிறார்கள். அந்த வாரமே எனக்கு அழைப்பு வந்தது.

"ஆன்டி, அந்த மாட்டுக்கார ஆன்டிகிட்ட கொஞ்சம் பேச முடியுமா?"

"நீங்களே பேசுங்க தம்பி. அவங்களுக்கு வாய் இருக்கு."

வேலியோரத்தில் சந்தித்தோம். அன்னமேரி மாடுகளை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டாள். தொழிற்சாலை லோரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிஷோர் திட்டத்தைச் சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் காலையில் காவலாளி கதவைத் திறப்பார், மாடுகள் மேயும், சாயங்காலம் வெளியே ஓட்டிவிட வேண்டும்.

"ராத்திரி மழ பெஞ்சா?" என்றாள் அன்னமேரி.

"அது... அப்புறம் பாக்கலாம் ஆன்டி."

"இல்ல தம்பி. மாடு வரணும்னா ராத்திரியும் இங்கதான் படுக்கும். எல்லா நாளும். சாவி எங்கிட்ட இருக்கும்."

கிஷோர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் தூரப் போய் யாருக்கோ போன் போட்டார். "யெஸ் சார், யெஸ் சார்" என்று நிறையத் தடவை சொன்னார். திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அன்னமேரி வாங்கிப் பூட்டைத் திறந்து, சங்கிலியை இழுத்துக் கீழே போட்டாள். முதல் மாடு வாசலில் நட்டிருந்த ஹெரிடேஜ் பலகையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனது. மற்றவை அதன் பின்னால் போயின.

"ஒரு ஸ்பேர் கீயாவது ஆபிஸ்ல இருக்கட்டுமே ஆன்டி?" என்று கேட்டார் கிஷோர்.

அன்னமேரி சாவியை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் முடிந்துகொண்டாள்.

"எதுக்கு?" என்றாள். "மாடு உங்க ஆபிஸ்லயா படுத்திருக்கு?"